முதல் 28 நாட்கள்

ஆடி மாதத்தில் பெரியபாளையம் பவானி அம்மன் கோவிலுக்கு நீங்கள் போயிருக்கலாம். ஆரணியாற்றங்கரையில் உள்ள அந்தக் கோவிலில் வேப்பஞ்சேலை கட்டி வலம் வருபவர்களையும், குழந்தைக்கு முடி இறக்கும் பெற்றோர்களையும் பார்த்திருப்பீர்கள். "பிள்ளை பிழைக்கட்டும், உன் சன்னிதியில் மொட்டை போடுகிறேன்" என்று வேண்டிக்கொண்ட குடும்பங்கள் அவற்றுள் எத்தனையோ!

அங்கு கூடும் முதியவர்களின் பெயர்களைக் காது கொடுத்துக் கேளுங்கள். குப்பன், குப்பம்மாள், பிச்சை என்ற பெயர்கள் விழும். முன் பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், புதிதாய்ப் பிறந்த குழந்தையைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்து, யாருக்கும் வேண்டாத பிள்ளை போலப் பெயர் சூட்டுவது பழைய வழக்கம். எமன் ஏமாந்து போவான் என்ற நம்பிக்கைதான்! தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைத்ததாலும் இப்பெயர்கள் தொடர்ந்தன.

உங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டில் இப்பெயர்கள் அருகிவிட்டன. பெயர் வைக்கும் பழக்கம் மாறியது ஒரு காரணம். எமனை ஏமாற்ற வேண்டிய தேவை குறைந்தது மற்றொரு காரணம். எவ்வளவு குறைந்தது? அதை எப்படி அளப்பது? பார்ப்போம்.

எதனால் எதை வகுப்பது?

உயிருடன் பிறக்கும் ஒவ்வொரு 1000 குழந்தைகளில், ஒரு வயது நிறைவதற்குள் இறப்பவர்களின் எண்ணிக்கையைச் சிசு மரண வீதம் என்கிறோம். அவர்களுள் முதல் 28 நாட்களுக்குள் இறப்பவர்களை மட்டும் தனியே எண்ணினால், அது பச்சிளங்குழந்தை மரண வீதம். இரண்டாவது முதலாவதற்குள் அடங்கியது என்பதை நினைவில் வையுங்கள்.

இந்தியாவின் மாதிரிப் பதிவு முறை தரும் எண்கள் இவை:

1990: சிசு மரண வீதம் 80, பச்சிளங்குழந்தை மரண வீதம் 53
2000: சிசு 68, பச்சிளங்குழந்தை 44
2010: சிசு 47, பச்சிளங்குழந்தை 33
2020: சிசு 28, பச்சிளங்குழந்தை 20

இரண்டும் இறங்குகின்றன, மகிழ்ச்சிதான். ஆனால் பென்சிலை எடுத்து ஒரு கழித்தல் போடுங்கள். 28 நாளைக் கடந்தபின் இறந்தவர்கள் 1990-ல் 80 – 53 = 27. 2020-ல் 28 – 20 = 8. இது ஏறத்தாழ 70 சதவீத வீழ்ச்சி. முதல் 28 நாள் மரணமோ 53-லிருந்து 20-க்கு, அதாவது சுமார் 62 சதவீதமே குறைந்தது. ஆகவே சிசு மரணங்களில் பச்சிளங்குழந்தைகளின் பங்கு 66 சதவீதத்திலிருந்து 71 சதவீதமாக உயர்ந்திருக்கிறது!

மரணம் குறையும்போது பங்கு எப்படிக் கூடும் என்று திகைக்க வேண்டாம். எளிதில் தடுக்கக்கூடியவை வேகமாகக் குறைந்தன. கடினமானவை பின்தங்கி நிற்கின்றன. அம்மைத் தடுப்பூசியும், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரும் சற்று வளர்ந்த குழந்தைகளைக் காத்தன. பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தைக்கு இவை உதவா.

முதல் நாட்களின் ஆபத்து

பச்சிளங்குழந்தைகளின் உயிரைப் பறிப்பவை முக்கியமாக மூன்று: குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது ஏற்படும் மூச்சுத் திணறல், நோய்க்கிருமித் தொற்று. பிறவிக் குறைபாடுகள் அடுத்து வருகின்றன.

குறைமாதக் குழந்தைக்குக் குளிர் ஏன் பகை? ஒரு செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 ச.செ.மீ., கன அளவு 1 க.செ.மீ.; விகிதம் 6. இரண்டு செ.மீ. பக்கமுள்ளதற்கு மேற்பரப்பு 24, கன அளவு 8, விகிதம் 3. உருவம் சிறுக்கச் சிறுக்க, எடைக்கு ஏற்ற அளவைவிட மேற்பரப்பு மிகுதி. வெப்பம் மேற்பரப்பின் வழியே வெளியேறுகிறது. தோலுக்கடியில் கொழுப்பும் இல்லாத சின்னஞ்சிறு உடல் விரைவில் குளிர்ந்துவிடும்.

1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத நிலையில், மருத்துவர் எட்கர் ரே ஓர் எளிய வழி கண்டார். குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்துக் கட்டிவைத்தார். தாயின் உடற்சூடே இன்குபேட்டர் ஆயிற்று! 'கங்காரு பராமரிப்பு' என்று நம் அரசு மருத்துவமனைகளிலும் இது இன்று வழக்கில் உள்ளது.

தொற்றுக்கு வருவோம். துருப்பிடித்த கத்தியாலோ அரிவாளாலோ தொப்புள் கொடியை அறுத்து, புண்ணில் சாம்பலோ சாணமோ பூசியதால் ரணஜன்னி என்னும் டெட்டனஸ் வந்தது. கருவுற்ற தாய்க்கு ஊசி போட்டால், அவள் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே குழந்தையையும் அடைகிறது. இந்த ஊசியும், சுத்தமான பிளேடும், மருத்துவமனைப் பிரசவமும் சேர்ந்து வேலை செய்தன. மாவட்டம்தோறும் 1000 பிறப்புக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா 2015-ல் எட்டியது.

மருத்துவமனை எட்டாத ஊர்களில் என்ன செய்வது? மகாராஷ்டிர மாநிலம் கட்சிரோலியில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் தம்பதியினர் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி அளித்து, வீடு வீடாகச் சென்று பச்சிளங்குழந்தைகளைக் கவனிக்கச் செய்தார்கள். அங்கு 62 ஆக இருந்த மரண வீதம் மூன்றாம் ஆண்டில் ஏறத்தாழ 25 ஆயிற்று. 1999-ல் வெளியான இம்முடிவு பல நாடுகளுக்கு வழிகாட்டியது.

தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவு பகலாகச் செவிலியர் இருக்க ஏற்பாடு செய்யப்பட்டது. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2020-ல் இங்கு பச்சிளங்குழந்தை மரண வீதம் 9, கேரளத்தில் 4, மத்தியப் பிரதேசத்தில் 31. ஒரே நாடு, எத்தனை ஏற்றத்தாழ்வு!

"எங்கள் ஊரில் சாவே இல்லை"

இப்போது ஒரு புதிர். ஓர் ஊரில் ஆண்டுக்கு 50 குழந்தைகள் பிறப்பதாக வைத்துக் கொள்வோம். சென்ற ஆண்டு ஒரு குழந்தை இறந்தது, வீதம் 20. இவ்வாண்டு இரண்டு இறந்தன, வீதம் 40. நிலைமை இரு மடங்கு மோசமாகிவிட்டதா? அடுத்த ஆண்டு ஒன்றுகூட இறக்கவில்லை, வீதம் பூஜ்யம். எல்லாம் சரியாகிவிட்டதா? இரண்டும் தவறான முடிவுகள். சிறிய எண்ணிக்கையில் தற்செயலின் ஆட்டம் பெரிது. நாட்டின் போக்கை அறிய ஏராளமான பிறப்புகளையும் பல ஆண்டுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதற்காகவே மாதிரிப் பதிவு முறை உள்ளது. தேர்ந்தெடுத்த ஊர்களில் உள்ளூர்க்காரர் ஒருவர் ஆண்டு முழுவதும் பிறப்பு, இறப்புகளைக் குறித்து வருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொருவர் தனியாக வந்து வீடுதோறும் விசாரிப்பார். இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டு, ஒத்துவராதவற்றை மீண்டும் நேரில் சென்று சரிபார்ப்பார்கள். இவ்வளவு எதற்கு? ஒரு நாள் வாழ்ந்து, பெயர் வைக்கும் முன்பே மறைந்த குழந்தையை மறந்துவிடுவது எளிது. எண்ணப்படாத மரணத்தைத் தடுக்க யாரும் திட்டம் போடமாட்டார்கள்.

2030-க்குள் ஒவ்வொரு நாடும் இவ்வீதத்தை 12 அல்லது அதற்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் சபையின் இலக்கு.

நீங்கள் செய்ய: மேலே உள்ள எண்களைக் கொண்டு ஒரே வரைபடத்தாளில் இரண்டு கோடுகள் வரையுங்கள். கோடுகளுக்கு இடையே உள்ள இடைவெளி எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். பிறகு உங்கள் பாட்டியிடம், அவர் எத்தனை பிள்ளைகள் பெற்றார் என்று பொறுமையாகக் கேளுங்கள். வளர்த்த பிள்ளைகளை விரல்விட்டுச் சொல்லி முடித்தபின் அவர் சற்று நிறுத்தி, "இன்னும் ஒண்ணு இருந்துச்சு" என்று சொல்லக்கூடும். உங்கள் வரைபடத்தின் இடது கோடியில், உயரத்தில் நிற்கும் புள்ளிகள் அப்படிப்பட்ட குழந்தைகளால் ஆனவை.