துரை பங்களாத் தோட்டம்: நம்பிக்கையும் உண்மையும்

புக்கிட் பெருந்துங்கில் பங்களா மனை வாங்குகிற நம்மவர்கள் பலர், தோட்டம் போட வருகிறவரிடம் ஒரே படத்தைத்தான் சொல்கிறார்கள்: பழைய எஸ்டேட் துரை பங்களா. வாசல்வரை பனை வரிசை, நடுவில் ஒரு பெரிய மரம், மற்ற இடமெல்லாம் புல். ஆசையில் தப்பில்லை. அதோடு ஒட்டிக்கொண்டு வந்த நம்பிக்கைகளில்தான் கோளாறு.

“செம்பனை எண்ணெய்க்கான மரம், அதைப் போய் யாராவது அழகுக்கு வைப்பார்களா?” வைத்தார்கள். 1848இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு நான்கு கன்றுகள் வந்தன. அவற்றின் வழிவந்த மரங்கள் சுமத்ராவில் வெகுகாலம் அழகுக்காகவே வரிசைகட்டி நின்றன. ஒன்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அந்த வித்தை 1911, 1912இல் கொண்டுவந்து, கோலசிலாங்கூர் பக்கம் தம்முடைய ரந்தாவ் பாஞ்சாங் எஸ்டேட்டில் நட்டதும் அலங்காரத்துக்குத்தான். அது பயிரானது 1917இல், பத்தாங் பெர்ஜுந்தாய் (இன்றைய பெஸ்தாரி ஜெயா) தெனமாராம் எஸ்டேட்டில். நாட்டையே மூடிய மரம் நம் வட்டாரத்துக்குள் பங்களா அழகாகத்தான் நுழைந்தது.

“தூங்குமூஞ்சி இந்த மண்ணின் மரம்; ஆனால் அடியில் புல் பிடிக்காது.” இரண்டும் தவறு. அதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. மேகம் கறுத்தாலும் பொழுது சாய்ந்தாலும் இலையை மடக்கிக்கொள்ளும். மலாய்க்காரர்கள் அதை ‘புக்குல் லீமா’, அதாவது ஐந்து மணி, என்று அழைப்பது அதனால்தான். மடங்கிய இலைகளுக்கு நடுவே மழை நேராகத் தரைக்கு இறங்கும். அவரைக் குடும்பத்து மரம், உதிரும் சருகே உரம். குடை 30 மீட்டர் வரை விரியும், அதனால் வீட்டிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது மூன்றாவதைப் பற்றி: “புல் பூண்டு இல்லாத தரைதான் சுத்தம்.” இது எஸ்டேட்டிலிருந்தே வந்த பழக்கம். தொடக்க காலத்துப் பால்மரத் தோட்டங்களில் ஒரு புல்லும் முளைக்கக் கூடாதென்று நம் பாட்டன்மார் நாளெல்லாம் மண்வெட்டி பிடித்தார்கள். மேல்மண் மழையோடு போனது. பிறகுதான் மூடுபயிர்க் கொடிகளைப் படரவிட்டார்கள். அவை மண்ணைப் பிடித்து நிறுத்தின, தழைச்சத்தும் சேர்த்தன.

இன்று அதை மறந்து, இயந்திரத்தை விட்டு மனையை வழித்துச் செம்மண்ணை வெயிலில் காட்டுகிறோம். மாலை மழை ஒன்று அடித்து ஓய்ந்ததும் சரிவுக்குக் கீழே உள்ள கால்வாயைப் பாருங்கள். தண்ணீர் பால் தேத்தண்ணி நிறத்தில் ஓடும். அடியில் விரலை விட்டால் மெழுகுபோல் ஒட்டும் செம்மண்ணோடு கறுப்பாகவும் கொஞ்சம் வரும். அது போன வாரம் காசு கொடுத்து லாரியில் இறக்கிய மண்.

பங்களாத் தோட்டத்தைத் துரை போட்டார் என்பதும் பாதிதான் உண்மை. மேட்டைச் சுற்றி வளையம் வளையமாகப் படி வெட்டியதும், தண்ணீர் வழியறிந்து கால்வாய் இழுத்ததும் நம்மவர் கைகள். எஸ்டேட்டில் வேலை பார்த்த பெரியவர் யாராவது பக்கத்தில் இருந்தால், புல் பதிப்பதற்கு முன் ஒரு மழை நாளில் அவரை மனைக்கு அழைத்துப்போங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் போகும், எங்கே படி வெட்ட வேண்டும் என்று அவரிடம் கேளுங்கள்.