கற்பிட்டியா, மன்னாரா?

பரீட்சை முடிந்த கையோடு கினிகத்தேனையிலிருந்து கிளம்பும் வேன்கள் இப்போதெல்லாம் கற்பிட்டிப் பக்கம்தான் திரும்புகின்றன. ஏன் கற்பிட்டி என்று கேட்டால் கோட்டையையும் சொல்லமாட்டார்கள், களப்பையும் சொல்லமாட்டார்கள். வட்ஸ்அப்பில் யாரோ போட்ட கைட் சர்பிங் படம் ஒன்றுதான் காரணம். பெற்றோர் முடிவெடுக்கும் வீடுகளில் வேறு கதை. முன்னேஸ்வரம், தலவில், மடு என்று ஒரு கோயிலின் பெயரைச் சொன்னால்தான் அம்மா சம்மதிப்பார். கடலைக் காட்ட வேனை அரை மணி நேரம் நிறுத்துவார்கள். இரண்டு வகையிலும் பிள்ளைகள் பாதி பார்த்துத் திரும்புவதைக் கண்டுதான் இதை எழுதுகிறேன்.

உனவட்டுனவும் அறுகம்குடாவும் எல்லோருக்கும் தெரிந்தவை, விட்டுவிடுவோம். கூட்டமில்லாத கரை, பழைய கோட்டை, நல்ல காற்று மூன்றும் சேர்ந்து வேண்டுமென்றால் வடமேற்குக் கரைக்குத்தான் போகவேண்டும்.

முதலில் மாதத்தைப் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை கினிகத்தேனையில் 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டுவது தென்மேற்குப் பருவக்காற்று. நம் மலைச்சரிவில் முட்டி மேலே ஏறும்போது ஈரத்தை இங்கேயே இறக்கிவிடுகிறது. கற்பிட்டியில் அதை மறிக்க மலை கிடையாது. அங்கே மழையில்லாமல் வெறும் காற்றாக வீசுகிறது. நாம் குடை பிடிக்கும் மாதங்கள்தான் அங்கே கைட் ஏற்றும் மாதங்கள். ஆனால் அப்போது வெளிக்கடல் குமுறும். டொல்பின் பார்க்க நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் போகவேண்டும். ஓகஸ்ட் விடுமுறையில் இரண்டையும் கேட்டுப் போகிறவர்களை வேன்காரர் திருத்துவதில்லை. அவருக்கு ஹயர் கிடைத்தால் போதும்.

கற்பிட்டிக் கோட்டை ஒல்லாந்தர் 1667க்கும் 1676க்கும் இடையில் கட்டியது. கண்டி இராச்சியத்தின் கடல் வணிகத்தைப் புத்தளம் களப்பின் வாயிலேயே மறிக்க அது உதவியது. இன்று கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது, கேட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

இனி கைட். ஒரே நாளில் பழகலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். முதல் சில மணி நேரம் மணலில் நின்று சின்னக் கைட்டை அடக்கப் பழகுவதிலேயே போய்விடும். காற்று எந்தப் பக்கம், கைட் எங்கே நின்றால் இழுக்கும், எங்கே நின்றால் அடங்கும், ஆபத்தென்றால் எதைக் கழற்றிவிடுவது என்பதெல்லாம் அங்கேதான். அடுத்தது பலகை இல்லாமல் தண்ணீரில் இழுபடும் பயிற்சி. பலகையில் எழுந்து நிற்கப் பலருக்கு மூன்றாம் நாளாவது ஆகும். கட்டணமோ பெரும்பாலும் டொலரில், இல்லாவிட்டால் யூரோவில். ஒரு நாளுக்குக் காசு கட்டிய பையன் உப்புத்தண்ணீர் குடித்து, கைட்டைப் பிடித்தபடி ஒரு படம் எடுத்துக்கொண்டு வருகிறான். அந்தப் படத்தைப் பார்த்து அடுத்த வேன் கிளம்புகிறது!

நான் பார்த்த ஓர் இடத்தில் நீந்தத் தெரியுமா என்றுகூடக் கேட்கவில்லை. ஆற்றில் முங்கிக் குளிப்பதை நம் பிள்ளைகள் நீச்சல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். களப்பில் இடுப்பளவு தண்ணீர்தானே என்பார்கள். இழுக்கும் கைட்டுக்கு ஆழம் வெகுதூரமில்லை.

இன்னொரு மயக்கம், இதைத் தொழிலாக்குவது. ஏ லெவலை விட்டுவிட்டுக் கைட் பயிற்றுநராகப் போகிறேன் என்று நிற்கும் பையன்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: காற்றில்லாத மாதங்களில் என்ன செய்வாய்? அங்கே பயிற்றுநராக இருக்கும் உள்ளூர்ப் பையன்களில் பலர் கடற்கரையிலேயே பிறந்து, தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக் காற்றைச் சொல்லக்கூடியவர்கள். கித்துல்கலவில் ரப்பர் படகு ஓட்டுகிறவர்களுக்கு ஆறு எப்படியோ அப்படி.

என்னைக் கேட்டால் மன்னார் என்பேன். பக்கச்சார்பு என்று சொல்லுங்கள், மறுக்கமாட்டேன். போர்த்துக்கேயர் 1560இல் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை, பள்ளிமுனையின் பெருக்கமரம், முத்துக்குளிப்பை மேற்பார்க்க ஆளுநர் நோர்த் அரிப்பில் கட்டிய மாளிகையின் இடிபாடு என்று பார்க்க நிறைய இருக்கின்றன. காற்றுக்கும் குறைவில்லை, தம்பபவனி காற்றாலைகள் முப்பதும் 2020 கடைசியிலிருந்து அங்கேதான் சுற்றுகின்றன. கைட் ஏற்றவும் அங்கே வருகிறார்கள். இதையெல்லாம்விட, கோப்பித் தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர் கரையிறங்கியது அந்தப் பக்கம்தான். அங்கிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள், வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் அதைத்தான் நினைவுகூர்ந்தார்கள். ஆகவே சிலாபம் வழியை விட்டு, நாவலப்பிட்டி, கண்டி, மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி என்று போங்கள். நேரம் கூடினாலும் கூடட்டும்.

உண்மையாகவே காற்றின்மேல் ஆசை உள்ள பிள்ளை வகுப்பில் ஒன்றிரண்டு இருக்கும். பட்டம் விடும்போது நூலைவிட மேகத்தையே பார்க்கும் பிள்ளை அது. அதை மட்டும் அடக்காதீர்கள், அவசரப்படுத்தவும் வேண்டாம். முதல் நாள் கரையில் உட்கார்ந்து பழகுகிறவர்களைப் பார்க்கட்டும். பிறகும் ஆசை தீரவில்லையென்றால் நீச்சலில் தொடங்கட்டும், பரீட்சை முடிவு வர மாதங்கள் இருக்கின்றன.