நேர்முகப் பரீட்சைக்கு முகங்கொடுத்தல்

முதலாம் ஆண்டிலிருந்து பதின்மூன்றாம் ஆண்டு வரை நாம் எத்தனையோ பரீட்சைகளுக்குத் தோற்றுகின்றோம். ஏறக்குறைய எல்லாமே தாளில் எழுதும் பரீட்சைகள். தெரியாத வினாவை விட்டு அடுத்ததற்குப் போகலாம். பிழையாக எழுதினால் வெட்டிவிட்டுத் திருத்தலாம். ஆனால், மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் அமர்ந்து எமது முகத்தைப் பார்த்து வினவும் பரீட்சைக்கு நாம் பழகியவர்கள் அல்லர்.

எமது நாட்டின் அரச பல்கலைக்கழகங்களில் முகாமைத்துவம், வணிகவியல் போன்ற பட்டப்படிப்புகளுக்கு இஸட் புள்ளியும் மாவட்டமுமே பெரும்பாலும் இடத்தைத் தீர்மானிக்கின்றன. தகுதி பெற்ற எல்லோருக்கும் அங்கே இடம் இல்லை. எனவே வர்த்தகப் பிரிவு மாணவியர் பலர் அரச சார்பற்ற வணிகக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கின்றனர். இவற்றுள் பல, பெறுபேற்றைப் பார்த்த பின்னர் நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கின்றன. இடம் கிடைப்பது மட்டுமன்றி, கட்டணச் சலுகை கிடைப்பதும் சில வேளைகளில் அந்த அரை மணித்தியாலத்தில்தான் தங்கியுள்ளது. இதற்கு எவ்வாறு ஆயத்தமாவது என்பதை, எமது வீட்டில் நடந்த ஓர் அனுபவத்தைக் கொண்டு எழுதுகின்றேன்.

ராத்தாவின் முதல் நேர்முகம்

எனது ராத்தா அரச பல்கலைக்கழக வாய்ப்பைச் சிறு வித்தியாசத்தில் தவறவிட்டார். பின்னர் ஒரு வணிகக் கல்லூரியிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. மூன்று கிழமையாக அறுபது வினாக்களுக்கு ஆங்கிலத்தில் விடை எழுதி மனனம் செய்தார். "உங்களைப் பற்றிக் கூறுங்கள்" என்ற முதல் வினாவுக்குத் தடையின்றிப் பதிலளித்தார். "உங்களைக் கவர்ந்த ஒரு வியாபாரம் எது?" என்று கேட்டபோது அப்பிள் கம்பனியின் கதையைச் சொன்னார்.

"அந்தக் கதை எங்களுக்கும் தெரியும். உங்கள் தந்தை என்ன செய்கிறார்?" என்று கேட்டார் நடுவில் இருந்தவர்.

"சின்னக் கடை ஒன்று" என்று ராத்தா குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நூறு ரூபாவுக்கு விற்றால் அந்தக் கடையில் எவ்வளவு மிஞ்சும்?"

ராத்தாவுக்குத் தெரியவில்லை. அடுத்ததாக, மூன்றாம் வருடத்தில் ஆறு மாதத் தொழிற்பயிற்சி உண்டு, அது வேறு ஊரில் கிடைத்தால் போவீர்களா என்று கேட்டார்கள். "வாப்பாக்கிட்ட கேக்கணும்" என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று யோசித்தபடியே மௌனமாக இருந்துவிட்டார். இரண்டு கிழமையில் இடமில்லை என்ற கடிதம் வந்தது.

"இங்கிலீஷ் வந்திச்சி உம்மா. எங்கட கடையப் பத்தித்தான் எனக்கு ஒண்டும் தெரியல்ல" என்று அன்றிரவு அழுதார். வாப்பா எதுவும் பேசவில்லை. மறுநாள் கடைச் சாவியோடு கடன் கொப்பியையும் ராத்தாவின் கையில் கொடுத்தார்.

1. ஒரு வியாபாரத்தை உள்ளேயிருந்து அறிதல்

வணிகக் கல்லூரியில் கேட்கப்படும் வினாக்கள் பல வகையாகத் தோன்றினாலும் அவை மூன்றில் அடங்கும். ஏன் இந்தப் படிப்பு? வியாபாரத்தைப் பற்றி நீங்களாகவே என்ன அவதானித்திருக்கிறீர்கள்? மூன்று நான்கு வருடம் படித்து முடிப்பீர்களா? இவற்றில் இரண்டாவதற்குச் சரியான விடை இருந்தால் முதலாவதற்கும் விடை கிடைத்துவிடும்.

ராத்தா ஒரு மாதம் மஃரிபுக்குப் பின் கடையில் அமர்ந்து கணக்கெடுத்தார். வாப்பா மாதமொன்றுக்கு ஏறத்தாழ 1,200,000 ரூபாவுக்குச் சாமான் கொள்வனவு செய்கிறார். 100 ரூபா விற்பனையில் மொத்த இலாபம் 9 ரூபா அளவில். வாடகை, மின்சாரம், ஏற்றுக்கூலி போக மிஞ்சுவது 6 ரூபா. சீனி, மா, பருப்பில் இலாபம் குறைவு, ஆனால் வேகமாக விற்கும். சவர்க்காரம், பிஸ்கட்டில் இலாபம் கூட, ஆனால் இராக்கையில் நாட்கணக்கில் இருக்கும்.

கடன் கொப்பியில் 46 குடும்பங்கள் இருந்தன. வரவேண்டிய தொகை 310,000 ரூபா. மொத்த வியாபாரி கைக்காசுக்கு வாங்கினால் நூற்றுக்கு இரண்டு கழிவு தருவார். அந்த 310,000 ரூபா கையில் இருந்து, ஒவ்வொரு மாதமும் அத்தொகைக்குக் கைக்காசுக்கு வாங்கினால் 6,200 ரூபா மிச்சமாகும். கணக்கீட்டுப் பாடத்தில் பெற்ற கழிவு, ஐயக்கடன் ஏற்பாடு, தொழிற்படு மூலதனம் என்று நாம் மனனம் செய்பவை எல்லாம் அந்த எண்ணெய்க் கறை படிந்த கொப்பிக்குள் இருந்தன.

"அப்ப கடன் குடுக்கிறத நிப்பாட்டலாமே வாப்பா?" என்று ராத்தா கேட்டார். "நிப்பாட்டினா 46 வீடும் காசு கையில இருக்கிற நாளைக்கு சுப்பர் மார்க்கட்டுக்குப் போகும் மகள். கடன் தாற கடைக்குத்தான் காசையும் கொண்டு வருவாங்க" என்றார் வாப்பா. இரண்டு பக்கமும் நியாயம் உள்ள இந்த வினாவைத்தான் ராத்தா தன்னோடு அடுத்த நேர்முகத்துக்குக் கொண்டு சென்றார்.

கடை இல்லாத வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்வது? உம்மாவின் தையல், மாமியின் இடியப்ப வியாபாரம், அயலவரின் முச்சக்கரவண்டி, பாடசாலைச் சிற்றுண்டிச்சாலை என எதையும் எடுக்கலாம். ஒரு மாதத்தின் வரவு, செலவு, கடன், வீணாகும் பொருள் ஆகியவற்றை உரியவரிடம் கேட்டு எழுதுங்கள்.

2. செய்தியை அதனோடு இணைத்தல்

நாட்டின் பொருளாதாரம் பற்றிக் கேட்பார்கள். திகதிகளை ஒப்புவித்தால் மட்டும் போதாது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாக இருந்தது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15 இலிருந்து 18 சதவீதமானது. இவை எமக்குத் தெரிந்த கடையை என்ன செய்தன என்பதையும் சொல்ல வேண்டும். 2022 இல் வாப்பா பழைய விலைக்கு வாங்கிய சீனியை இலாபத்துக்கு விற்றார். ஆனால் விற்ற காசுக்கு அதே அளவு சீனியை மீண்டும் வாங்க முடியவில்லை. கணக்கில் இலாபம் இருந்தது, இராக்கை வெறுமையாகிக்கொண்டு போனது. பணவீக்கம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை.

3. வட்டி பற்றிய வினா

"நீங்கள் வட்டிக்குக் கடன் பெறமாட்டீர்கள் என்றால் வியாபாரத்தை எப்படி விரிவுபடுத்துவீர்கள்?" என்ற வினா எம்மைப் போன்றவர்களிடம் கேட்கப்படலாம். இதைக் கோபமாக எடுக்கத் தேவையில்லை. இது ஒரு நிதி முகாமைத்துவ வினா. முழாரபாவில் ஒருவர் மூலதனத்தையும் மற்றவர் உழைப்பையும் இடுகின்றனர். இலாபம் உடன்பட்ட விகிதத்தில் பகிரப்படும், சாதாரண நட்டத்தில் பண இழப்பு மூலதனம் இட்டவருடையது. முஷாரகாவில் இருவருமே மூலதனம் இடுகின்றனர், நட்டம் மூலதன விகிதப்படி செல்லும். முராபஹாவில் பொருள் வாங்கப்பட்டு, அடக்கவிலையும் இலாபமும் வெளிப்படையாகக் கூறப்பட்டு விற்கப்படும். எமது நாட்டில் இம்முறைகளைக் கொண்டு 2011 முதல் இயங்கும் அமானா வங்கியும் உண்டு. இந்த மூன்றையும் ஒவ்வொரு வாக்கியத்தில் விளக்கப் பழகினால் இந்த வினா எமக்குச் சாதகமாக அமையும்.

4. ஆங்கிலம்

தமிழ்மொழி மூலம் கற்ற எமக்கு இருக்கும் பெரிய பயம் இதுதான். மனனம் செய்த நீண்ட வாக்கியத்தில் ஒரு சொல் மறந்தால் முழுவதும் அறுந்துவிடும். சிறிய வாக்கியங்களில் பேசுங்கள். பாடக் கலைச்சொற்களில் ஐம்பதுக்காவது ஆங்கிலச் சொல்லை அறிந்துகொள்ளுங்கள். வினா விளங்காவிட்டால் மீண்டும் கூறும்படி பணிவாகக் கேளுங்கள், அதில் வெட்கம் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று கூறுங்கள். நேர்முகம் செய்பவர்கள் பலரைப் பார்த்தவர்கள், புனைந்து சொன்னால் இரண்டாவது வினாவிலேயே பிடித்துவிடுவார்கள்.

5. ஒத்திகையும் அன்றைய தினமும்

வீட்டில் மூன்று கதிரைகள் போட்டு வாப்பா, உம்மா, சாச்சி எவரையேனும் அமர்த்துங்கள். அவர்கள் தமிழில் கேட்கட்டும், நீங்கள் ஆங்கிலத்தில் பதிலளியுங்கள். கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்து கேளுங்கள். ஒரு விடை இரண்டு நிமிடத்துக்கு மேல் போகிறதா என்று பாருங்கள். கட்டாயம் பழக வேண்டியவை இவை: உங்கள் தோல்வி ஒன்று, நீங்கள் பிறரோடு சேர்ந்து செய்த வேலை ஒன்று, உங்கள் குறைந்த பெறுபேறுக்கான காரணம், ஏன் இந்தக் கல்லூரி.

மூலச் சான்றிதழ்களை ஒரு கோவையில் ஒழுங்காக வைத்து, அரை மணித்தியாலம் முன்னதாகச் செல்லுங்கள். ஆண்கள் கைலாகு கொடுக்க முன்வந்தால் நெஞ்சில் கைவைத்துப் புன்னகையோடு தலையசைத்தால் போதும். இதையும் வீட்டிலேயே பழகிக்கொண்டால் அந்த இடத்தில் தடுமாற மாட்டோம்.

இறுதியில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். பட்டத்தை வழங்குவது எந்த நிறுவனம், அதற்கு இலங்கையில் அங்கீகாரம் உண்டா, முழுக் காலத்துக்குமான கட்டணம் எவ்வளவு, இடையில் கூடுமா என்று கேளுங்கள். நாமும் அவர்களைத் தெரிவு செய்கின்றோம் என்பதை மறக்கக் கூடாது.

பெற்றோர்களுக்கு

ராத்தா மௌனமான அந்த இரண்டாவது வினாவுக்கு விடை எந்தப் புத்தகத்திலும் இல்லை. தொழிற்பயிற்சிக்கு வேறு ஊர் போகலாமா, விடுதியில் தங்கலாமா, படிப்பின் இடையில் கல்யாணம் பேசினால் படிப்பு என்னாகும், கட்டணத்தில் வீட்டால் எவ்வளவு முடியும் என்பவை வீட்டில் பேசித் தீர்க்கப்பட வேண்டியவை. முடிவு எதுவாயினும் நேர்முகத்துக்கு முன்னர் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். எமது வீட்டில் அது ஒரு வெள்ளிக்கிழமை பகலுணவுக்குப் பின் பேசப்பட்டது. உம்மாவின் தங்கை வசிக்கும் ஊராக இருந்தால் போகலாம், படிப்பு முடியும் வரை கல்யாணப் பேச்சு இல்லை என்று வாப்பா சொன்னார். ராத்தா அதை எழுதி வைத்துக்கொண்டார்.

இரண்டாவது கல்லூரியில் ராத்தா கடன் கொப்பியைப் பற்றிப் பேசினார். ஆங்கிலம் முன்னரைவிடத் தடுமாறியதாம். ஆனால் மூவரில் ஒருவர் கதிரையை முன்னே இழுத்து, "நீங்கள் என்றால் கடனை நிறுத்துவீர்களா?" என்று கேட்டிருக்கிறார். "நிறுத்த மாட்டேன். ஒரு குடும்பத்துக்கு ஓர் எல்லை வைப்பேன்" என்று ராத்தா பதிலளித்தார். இடம் கிடைத்தது. கட்டணச் சலுகை கிடைக்கவில்லை. அதனால் கிழமை நாட்களில் ஒரு கம்பனியின் கணக்குப் பகுதியில் வேலை செய்துகொண்டு வார இறுதியில் படிக்கிறார்.

அடுத்த வருடம் எனக்குப் பரீட்சை. இஸட் புள்ளி எப்படி அமையும் என்பது அல்லாஹ்வுக்கே தெரியும். மஃரிபுக்குப் பின் கடையில் இப்போது நான் அமர்கின்றேன். கொப்பியில் ஒவ்வொரு குடும்பத்தின் பெயருக்கும் எதிரே ராத்தா சிவப்புப் பேனையால் எழுதிய எல்லை இருக்கிறது. வரவேண்டிய தொகை 240,000 ரூபாவாகக் குறைந்திருக்கிறது.

உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவி