ஏழு விநாடியில் பத்து நிமிடம்

எரிக் பரோன் என்ற அமெரிக்கர் தனியொருவராக உருவாக்கி 2016-இல் வெளியிட்ட 'ஸ்டார்டியூ வேலி' கணினி விளையாட்டில் உழலாம், விதைக்கலாம், மீனும் பிடிக்கலாம். அதன் கடிகாரத்தைக் கவனியுங்கள். நமது 7 விநாடிக்கு அது 10 நிமிடம் நகர்கிறது. அதாவது சுமார் 86 மடங்கு வேகம். காலை 6 மணி முதல் பின்னிரவு 2 மணி வரை நீளும் 'நாள்' நமக்கு 14 நிமிடமே. (கணக்கிட்டுச் சரிபாருங்கள்!)

ஆனால் பயிர் இந்தக் கடிகாரத்துக்கும் கட்டுப்படுவதில்லை. காரட்டின் உறவான பார்ஸ்னிப் என்னும் வெண்கிழங்கு உண்மையில் முற்ற ஏறத்தாழ 120 நாள் வேண்டும். விளையாட்டில் 4 நாள் போதும். கடிகார வேகத்துக்கும் மேல் இன்னொரு 30 மடங்கு! ஒரே வயலில் இரண்டு கால அளவுகள். இயற்பியலாருக்கு இது உறுத்தும். எனினும் காரணம் எளிது: 120 நாளையும் முழுதாக ஆடினால் முதல் கிழங்கைப் பறிக்க 28 மணி நேரம் ஆகும். இப்போதோ 56 நிமிடம்.