பூச்சைத் தின்னும் தண்ணீர்

கேள்வி: எங்கள் பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கை, கால் கழுவும் தொட்டியான ஹவுளின் சீமெந்துப் பூச்சு, தொட்டால் மணல் மணலாக உதிர்கிறது. குளோரின் தூள்தான் காரணமா?
– வாசகர், வரிப்பத்தான்சேனை

பதில்: குளோரின் தூள் காரத்தன்மை உள்ளது, கல்சியமும் அதில் உண்டு. அளவோடு போட்டால் பூச்சை அது அரிக்காது. முதலில் தண்ணீரைப் பாருங்கள்.

சீமெந்து இறுகும்போது அதற்குள் சுண்ணாம்பு உருவாகிறது. மழைநீரில் கல்சியம் இல்லை என்றே சொல்லலாம். கொஞ்சம் அமிலத்தன்மையும் உண்டு. மாரியில் கூரைத் தண்ணீரை ஹவுளுக்கு விட்டால், தனக்கில்லாத கல்சியத்தை அது பூச்சிலிருந்து கரைத்தெடுக்கும். சுண்ணாம்பு போனபின் மிஞ்சுவதுதான் உங்கள் விரலில் ஒட்டும் மணல். பாசி போக்க அசிட் ஊற்றித் தேய்த்தால் சேதம் இரட்டிப்பாகும்.

உவர்க் கிணற்று நீர் இதற்கு நேர்மாறு. அதில் சுண்ணாம்பு மிகுந்தால் சுவரில் வெள்ளைப் படிவாகப் படியும். அந்தப் படிவில் ஒரு சொட்டு வினாகிரி விடுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பேதான்.

தண்ணீர் கரைக்குமா, படியவிடுமா என்று கணக்கிடும் முறையை 1936இல் அமெரிக்கப் பேராசிரியர் லாஞ்செலியர் வெளியிட்டார். நீச்சல் தடாகங்களைப் பராமரிப்போர் இன்றும் அதைப் பின்பற்றுகிறார்கள். பிஎச் 7.2 முதல் 7.8 வரையும், கல்சியக் கடினத்தன்மை லீற்றருக்கு 200 முதல் 400 மில்லிகிராம் வரையும் இருப்பது பூச்சுக்கு நல்லது.

உதிர்ந்த பகுதியைக் கொத்தி எடுத்து, உப்பில்லாத ஆற்று மணலோடு சீமெந்து கலந்து பூசுங்கள். குறைந்தது ஏழு நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டால் அடுத்த மாரியிலும் இதே வேலைதான். வுழூச் செய்ய வருபவர்களின் கால் படும் இடம் அது. பொறுமையாகச் செய்யத் தகுந்தது.