வீட்டில் வளர்க்கும் பெரிய நாய்: பராமரித்தலும் பழக்குதலும்

சூடடிக்கும் களத்திலும், மாட்டுப்பட்டியிலும், தோட்டத்துக் கொட்டிலிலும் கமக்காரருக்குத் துணையாய் இருந்து வருவது நாய். நெடுங்காலமாக ஊர் நாயே இக்காவலைச் செய்து வந்தது. இன்று அல்சேசன், றொட்வைலர், லப்றடோர் முதலிய பெரிய இன நாய்களையும் அவற்றின் கலப்புக் குட்டிகளையும் விலைகொடுத்து வாங்கி வளர்ப்போர் பலர் உளர். ஊர் நாயைப் போல இவையும் தாமாக வளர்ந்து தாமாகப் பழகிக்கொள்ளும் என எண்ணுதல் தவறு. நன்கு வளர்ந்த ஆண் அல்சேசன் 30 முதல் 40 கிலோகிராம் வரை நிறையுள்ளது. பத்து வயதுப் பிள்ளையின் நிறைக்கு இது குறையாது. பழக்கப்படாத இத்தகைய நாய் ஒரு பிள்ளையின் மேற் பாயுமாயின், அல்லது அயலாரின் ஆட்டுப்பட்டியிற் புகுமாயின், விளையும் தீங்கு பெரிது.

சங்கிலியாலும் அடியாலும் நல்ல காவல் நாயை உண்டாக்க இயலாது. குட்டிப் பருவத்தில் நாள்தோறும் செலவிடும் பத்து நிமிடமும், வீட்டார் அனைவரும் கைக்கொள்ளும் ஒரே ஒழுங்குமே அதனை உண்டாக்குவன. அதற்கான முறைகள் கீழே தரப்படுகின்றன.

குட்டியைக் கொண்டுவருதல்

குட்டி தாயுடனும் உடன்பிறந்த குட்டிகளுடனும் 8 கிழமையாவது இருத்தல் வேண்டும். கடிக்கும் வலுவை அடக்கிக்கொள்ள அது கற்பது அக்காலத்திலேயாம். ஒரு மாதத்திற் பிரித்தெடுத்த குட்டி பின்னர் விளையாட்டிலும் கடுமையாகக் கடிக்கக் கூடும். இயலுமாயின் தாய் நாயை நேரிற் பார்த்தபின் குட்டியை வாங்குவது நன்று. அச்சமும் சீற்றமும் மிக்க தாயின் குட்டிகளைத் தவிர்த்தல் வேண்டும்.

3 ஆம் கிழமை தொடங்கி ஏறத்தாழ 14 ஆம் கிழமை வரையுள்ள காலம் மிக முக்கியமானது. இக்காலத்தில் அச்சமின்றிக் கண்டு பழகியவற்றை நாய் வாழ்நாள் முழுவதும் இயல்பானவையாகக் கொள்ளும். ஆதலால் மாடு, ஆடு, கோழி, உழவு இயந்திரம், நீரிறைக்கும் இயந்திரம், சைக்கிள், குடை பிடித்து வருவோர், பாடசாலைப் பிள்ளைகள் ஆகிய அனைத்தையும் குட்டிக்குச் சற்றுத் தூரத்திலிருந்து மெல்ல மெல்லக் காட்டுதல் வேண்டும். தடுப்பூசிகள் முற்றுப்பெறும் வரை, பிற நாய்கள் திரியும் இடங்களில் அதனை நிலத்தில் விடாது கையில் ஏந்திச் செல்லலாம்.

இருப்பிடம்

கொட்டில் மேட்டு நிலத்தில், நிழலான இடத்தில் இருத்தல் வேண்டும். தகரக் கூரையிலும் கிடுகுக் கூரையே குளிர்ச்சியானது. பாரமான நாய் வெறுஞ் சீமெந்துத் தரையிற் படுத்தால் முழங்கை மூட்டிற் தோல் தடித்துப் புண்ணாகும். நிலத்தினின்று சற்றே உயர்த்திய பலகையும் அதன்மேல் உலர்ந்த சாக்கும் போதுமானவை. சாக்கைக் கிழமைக்கொரு முறை துவைத்து வெயிலிற் காயவைத்தல் வேண்டும்.

பகல் முழுவதும் குறுகிய சங்கிலியிற் கட்டப்பட்ட நாய் எவரைக் கண்டாலும் குரைக்கும். அதன் சீற்றம் நாளுக்கு நாள் வளரும். அவிழ்ந்த அன்று ஓடிவிடும். வளவை அடைத்து அதனுள் உலாவ விடுதலே சிறந்தது. கிடுகு வேலியாயின் அடிப்பாகத்திற் கம்பிவலை பொருத்தி, படலையைத் தாழிடக் கூடியதாக அமைத்தல் வேண்டும். கட்டியே தீரவேண்டிய வேளையில், இரு கம்பங்களுக்கிடையே தடித்த கம்பியொன்றை இழுத்துக் கட்டி, அதிலே ஒரு வளையத்தை ஓடவிட்டு, வளையத்திற் கயிற்றைத் தொடுத்தால் நாய் முன்னும் பின்னும் நடமாடும். நிழலும் நீரும் கயிற்றுக்கு எட்டும் தூரத்தில் இருத்தல் அவசியம்.

உணவும் நீரும்

2 மாதக் குட்டிக்கு நாளொன்றுக்கு 4 வேளையும், 3 முதல் 6 மாதம் வரை 3 வேளையும், அதன்பின் 2 வேளையும் உணவு கொடுத்தல் வேண்டும். சோறு மட்டும் உண்ணும் நாய் நலிவடையும். சோற்றுடன் வேகவைத்த மீன், முட்டை, இறைச்சி ஆகியவற்றுள் ஒன்றும், பூசினிக்காய், கரட் போன்ற மரக்கறியும் சேர்த்தல் வேண்டும். எலும்பு மசியும்வரை வேகவைத்த சிறு மீன் சுண்ணாம்புச் சத்தையும் தரும். நாயைத் தடவும்போது விலாவெலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். கண்ணுக்குத் தெரிதல் கூடாது. இதுவே உணவின் அளவைத் தீர்மானிக்கும் எளிய முறை.

பெரிய இனக் குட்டியை விரைவிற் கொழுக்க வைத்தல் தீது. அதன் எலும்புகள் முற்ற 12 முதல் 18 மாதம் வரை செல்லும். அதற்கு முன் உடற்பாரம் கூடினால் மூட்டுகள் பழுதடையும். மருத்துவர் கூறாமற் சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளைக் கொடுப்பதும் கேடு விளைவிக்கும். அக்காலத்தில் நாயை மதிலிலிருந்து குதிக்கவோ சைக்கிளின் பின்னால் நெடுந்தூரம் ஓடவோ விடுதல் கூடாது.

வெங்காயம் பயிரிடும் குடும்பங்கள் ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்திலுள்ள செங்கலங்களை அழிப்பன. ஆகவே கறிச்சட்டியின் மிச்சத்தை நாய்க்கு வார்த்தல் தகாது. வேகவைத்த கோழியெலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். ஆடு மாடுகளின் பச்சை ஈரல், நுரையீரல் என்பன நாடாப்புழுவைப் பரப்பும்; அப்புழுவின் முட்டை நாயிலிருந்து மனிதரையும் சேரும்.

30 கிலோகிராம் நிறையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு 1½ முதல் 2 லீற்றர் வரை நீர் தேவை. வெயிற்காலத்தில் அதனினும் கூடும். நாயின் உடலில் வியர்வை பெரும்பாலும் பாதங்களிலேயே உண்டாவதால், அது மூச்சிரைத்தே உடற் சூட்டைத் தணிக்கின்றது. உச்சி வெயிலில் ஓடவிட்ட நாய் தள்ளாடினால் உடனே நிழலிற் கிடத்தி, உடல் முழுவதும் நீரூற்றி விசிறி, மருத்துவரிடம் கொண்டு செல்லல் வேண்டும்.

ஆழமான நெஞ்சுடைய பெரிய நாய்களுக்கு இரைப்பை காற்றால் ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஒரே வேளையில் வயிறு நிறைய உண்பித்தலும், உண்டவுடன் ஓடவிடுதலும் இவ்வாபத்தைக் கூட்டும். வயிறு பறைபோல உப்பி, வாந்தி வராமல் நாய் ஓங்காளிக்குமாயின், சில மணி நேரத்துள் இறக்கக் கூடும். விடியும்வரை காத்திருத்தல் ஆகாது.

பழக்குதல்

குட்டியைக் காலையில் 5 நிமிடமும் மாலையில் 5 நிமிடமும் பழக்கினாற் போதும். "வா", "இரு", "பொறு", "விடு" என்னும் நான்கு சொற்களை முதலிற் கற்பித்தல் வேண்டும். தகப்பன் "இரு" என்றும், தாய் "உட்கார்" என்றும், பிள்ளை வேறொரு சொல்லாலும் கூறினால் நாய் ஒன்றையும் கற்காது. சொன்னதைச் செய்த கணத்திலேயே அவித்த மீன் துண்டொன்றைக் கொடுத்துப் பாராட்டுதல் வேண்டும். சற்றுப் பிந்திக் கொடுத்தால் எதற்காகக் கொடுக்கப்பட்டதென்பதை நாய் அறியாது.

அழைத்தும் வராத நாய் பின்னர் வந்தவுடன் அதனை அடிப்பது பலரிடம் காணப்படும் பிழையாகும். வந்தால் அடி கிடைக்கும் என்பதையே நாய் அதிலிருந்து கற்கின்றது. கயிற்றில் நடத்தும்போது இழுத்தால் நின்றுவிடுதல் வேண்டும். கயிறு தளர்ந்தபின் மீண்டும் நடக்கலாம். இதனைக் குட்டியிலேயே பழக்காவிடின், வளர்ந்தபின் வீட்டுப் பெண்களாலும் முதியோராலும் அதனைப் பிடித்து நடத்த இயலாது.

வழிப்போக்கர் மீதும் பிற நாய்கள் மீதும் சூக்காட்டி ஏவி விடுதல் கூடவே கூடாது. ஏவப்பட்டுப் பழகிய நாய் யாரைக் கடிப்பது, யாரை விடுவது என ஆராயாது. தபாற்காரரையும் உறவினரையும் ஒன்றாகவே கருதும். அந்நியர் வரவைக் குரைத்து அறிவித்து, வீட்டுக்காரர் "பொறு" என்றதும் அடங்கும் நாயே காவல் நாய்.

கால்நடைகளும் வயலும்

குட்டியைக் கயிற்றிற் பிடித்து, ஆடுகள் மேயுமிடத்தில் நாள்தோறும் சிறிது நேரம் அமைதியாகப் படுத்திருக்கச் செய்தல் வேண்டும். ஆட்டையோ கோழியையோ துரத்துவதை விளையாட்டென எண்ணிச் சிரித்து விடுதல் தவறு. துரத்தலின் சுவையை ஒருமுறை கண்ட நாயைத் திருத்துவது கடினம். ஓர் ஆட்டை இழந்த அயலவரின் மனத்தாங்கல் ஆட்டின் விலையோடு தீர்ந்துவிடுவதன்று.

பெரும்போக விளைச்சற் காலத்தில் வயற்காவலுக்கு நாயைக் கொண்டு செல்வோர் அதனை இரவிற் கட்டவிழ்த்து விடுதல் தகாது. காட்டுப்பன்றியின் கொம்பு நாயின் வயிற்றைக் கிழிக்கும். பன்றிக்கென வைக்கப்படும் வெடிக்கும் கட்டுத்துவக்குக்கும் கண்ணிக்கும் நாய்கள் இரையாவதுண்டு. யானையைக் கண்டு குரைக்கும் நாய், துரத்தப்பட்டதும் தன் எசமானிடமே ஓடிவரும். யானையும் அதன் பின்னே வரும். வயற் கொட்டிலிற் கட்டிவைத்த நாயின் குரைப்பே போதிய எச்சரிக்கையாகும்.

பிள்ளைகளும் நாயும்

வீட்டு நாய் எவ்வளவு சாதுவாயினும் சிறு பிள்ளையை அதனுடன் தனியே விடலாகாது. உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், பாலூட்டும் நாயையும் தொடக்கூடாதெனப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் வேண்டும். நாய் உறுமினால் அதற்காக அதனை அடித்தல் கூடாது. உறுமல் என்பது நாய் தரும் எச்சரிக்கை. உறுமலுக்கு அடிபட்ட நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். உறுமியதும் பிள்ளையை விலக்கி, காரணத்தை ஆராய்தலே அறிவுடைமை.

நோய்த் தடுப்பு

விசர் நோய் தோன்றியபின் அதற்கு மருந்தில்லை, தடுப்பூசி உண்டு. இலங்கையில் 1973 ஆம் ஆண்டில் 377 பேர் இந்நோயால் மாண்டனர். நாய்களுக்குத் தடுப்பூசி இடப்பட்டதனாலும், கடியுண்டோருக்குக் காலத்திற் சிகிச்சை கிடைத்ததனாலும் இத்தொகை பெரிதும் குறைந்தது. ஆயினும் மரணங்கள் முற்றாக நின்றுவிடவில்லை. ஒவ்வொரு நாய்க்கும் ஆண்டுதோறும் இத்தடுப்பூசியை இடுவித்து அட்டையைப் பேணி வைத்தல் வேண்டும்.

குட்டிகளைக் கொல்லும் இரத்தக் கழிச்சலுக்கு எதிரான தடுப்பூசி 6 முதல் 8 கிழமையிலே தொடங்கி, மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் 16 கிழமை வரை இடப்படும். எலிக்காய்ச்சற் தடுப்பூசி நெற்செய்கையாளர் வீட்டு நாய்க்கு மிக அவசியம். எலியின் சிறுநீர் கலந்த நீரால் நாயும் நோயுறும். அதன் சிறுநீராலும் நோய் பரவும். 2008 ஆம் ஆண்டில் இந்நாட்டில் 7000 பேருக்கு மேல் எலிக்காய்ச்சல் நோயாளராகக் கருதப்பட்டனர்.

குட்டிக்கு 2 ஆம் கிழமையிலிருந்து இரு கிழமைக்கொரு முறையும், வளர்ந்த நாய்க்கு 3 மாதத்துக்கொரு முறையும் புழு மருந்து கொடுத்தல் வேண்டும். கொக்கிப்புழுவின் குடம்பிகள் வெறுங்காலுடன் நடப்போரின் தோலையும் துளைப்பன. ஆதலால் நாயின் மலத்தை நாள்தோறும் அகற்றிப் புதைத்தல் வேண்டும். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி உண்டா என நாள்தோறும் பார்த்தல் அவசியம். முரசு வெளிறி, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் அது உண்ணிக் காய்ச்சலாயிருக்கலாம். உண்ணிக்கும் சொறிக்கும் பயிர்களுக்குத் தெளிக்கும் நஞ்சையோ இயந்திரத்தின் கழிவெண்ணெயையோ பூசுதல் நாயைக் கொல்லும் செயலாகும்.

தெளிகருவி கழுவிய நீரும், எலி நஞ்சும், நஞ்சுண்டு இறந்த எலியும் நாய்க்கு எட்டாதிருத்தல் வேண்டும். நஞ்சுண்ட நாயை நஞ்சின் போத்தலோடு, அல்லது அதன் சுட்டியோடு, உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லல் வேண்டும்.

குட்டிகள் வேண்டாதோர் நாய்க்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தல் நன்று. பெரிய இனங்களுக்கு அதற்கேற்ற வயதை மருத்துவர் கூறுவார். வேண்டாத குட்டிகளைச் சந்தையிலும் கோயிலடியிலும் கொண்டு சென்று விடுதல், நோயை ஊருக்குள் விடுதலுக்கு ஒப்பாகும்.

நாய் கடித்தால்

கடித்தது வீட்டு நாயாயினும், தடுப்பூசி இட்ட நாயாயினும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, எண்ணெய் எதனையும் பூசுதல் ஆகாது. நாயைக் கொன்றுவிடாமல் 14 நாள் கட்டிவைத்துக் கவனித்தல் வேண்டும். அதன் நடத்தை மாறினாலோ, அது இறந்தாலோ, காணாமற் போனாலோ வைத்தியருக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.

நாள்தோறும் செய்யவேண்டியவை

1. காலையும் மாலையும் 5 நிமிடம் பழக்குதல்.
2. இரு வேளை உணவும் எந்நேரமும் தூய நீரும் வைத்தல்.
3. வெயிலேறுமுன் ஒரு முறையும் வெயில் தாழ்ந்தபின் ஒரு முறையும் கயிற்றில் நடத்துதல்.
4. காது, பாதம், முரசு ஆகியவற்றைப் பார்த்தல்.
5. மலத்தை அகற்றுதல்.
6. இரவிற் படலை தாழிடப்பட்டுள்ளதா எனப் பார்த்தல்.

இவற்றுக்கு நாளொன்றில் ஒரு மணி நேரம் ஒதுக்க இயலாதவர் பெரிய நாயை வாங்காது, சிறிய ஊர் நாயொன்றை வளர்த்தலே தக்கது. ஒதுக்கக் கூடியவர்க்கு அந்நாய் பத்தாண்டளவு காவலாய் நிற்கும். மேலதிக விளக்கம் வேண்டுவோர் அருகிலுள்ள அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகத்தை அணுகலாம்.