புதிய தாளம், பழைய வேதம்

கேள்வி: எங்கள் சபையில் டிரம்ஸ், கீபோர்டு, பெரிய திரை எல்லாம் வந்துவிட்டன. ‘இது வேதத்தை விட்டு விலகுவது’ என்கிறார்கள் பெரியவர்கள். சரியா?
– ஒரு வாசகர், மண்ணரை, திருப்பூர்

பதில்: பெரியவர்கள் ‘பழசு’ என்று நினைப்பதும் ஒரு காலத்தில் புதுசுதான். 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி காவி உடுத்தியபோது, சக குருமார்களே ரோமுக்குப் புகார் அனுப்பினார்கள். கத்தோலிக்கர்களின் திருப்பலி லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியது இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பிறகுதான். தாளம், தம்புரு, நடனம் எல்லாமே 150-ஆம் சங்கீதத்தில் இருக்கின்றன.

விலகல் வேறு இடத்தில் வரும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக ராகங்களில் அருமையான கீர்த்தனைகள் தந்தவர். அவரே, கோயிலில் சாதி பாராமல் உட்காரச் சொன்ன மிஷனரிகளை எதிர்த்தார். கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று என்கிறது கலாத்தியர் 3:28. அங்கே வேதத்தை மீறியது புதுமை அல்ல, பழைய வழக்கம்.

சாயம் மாறலாம், நூல் மாறக் கூடாது. ஆராதனை முடிந்து வரும்போது மனதில் நிற்பது வசனமா, வாத்தியமா? ஒலியைக் குறைக்க வேண்டுமா என்பதை அதை வைத்து முடிவு செய்யுங்கள்.